ஐடஹோவில் ஒன்றுமே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பயணக் கட்டுரையை ஆவலோடுதான் எடுத்தேன். நான் வாழும் ஐடஹோ மாநிலத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் “ட்வின் ஃபால்ஸ் தாண்டினால் பாய்சி வரை ஒன்றுமே இல்லை, காய்ந்த புல்லும் புதரும்தான், காரில் நிம்மதியாகத் தூங்கலாம்” என்ற வரிக்கு மேல் படிக்க மனம் வரவில்லை. கட்டுரையாளர் வழிப்போக்கர், அவரைக் குறை சொல்லமாட்டேன். மாதந்தோறும் சூழலியலுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கும் நீங்கள் அந்த வரியை எப்படி விட்டுவைத்தீர்கள்?

அவர் பார்த்த மஞ்சள் புல் இந்த மண்ணின் புல்லே அல்ல. ஐரோப்பா, ஆசியப் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த சீட்கிராஸ் அது. கோடை தொடங்கும்போதே காய்ந்துவிடும். ஒரு பொறி விழுந்தால் போதும். இந்த நிலத்துக்குரிய பெரிய சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடி எரிந்துபோனால் அடியிலிருந்து தழைக்காது. விதை விழுந்து, முளைத்து, பழைய அடர்த்தி திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் சீட்கிராஸ் முந்திக்கொண்டு பரவி, இன்னொரு தீக்கு எரிபொருளாகிவிடும். நெடுஞ்சாலையோரம் அவர் கண்டதில் பெரும்பகுதி இப்படிப் பறிபோன நிலம். அதைப் பார்த்துத்தான் தூங்கச் சொல்கிறார்.

2015 ஆகஸ்டில் ஐடஹோ, ஒரிகன் எல்லையில் பரவிய சோடா தீ ஏறத்தாழ 2,80,000 ஏக்கரை எரித்தது. பிறகு அங்கே சேஜ்பிரஷ் நாற்று நடப் போன தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. குளிரில் முழந்தாளிட்டுக் குழி தோண்டி, விரல்நீள நாற்றுகளை ஒவ்வொன்றாக ஊன்றினோம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவை கருகிக் கிடந்தன, சுற்றிலும் சீட்கிராஸ். அந்த மண்ணைத் தொட்டவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

இந்தப் புதர்களை நம்பி வாழும், கோழி போன்ற சேஜ் கிரவுஸ் பறவையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பனிக்காலம் முழுவதும் அது சேஜ்பிரஷ் இலையை மட்டுமே தின்று வாழ்கிறது. மற்ற விலங்குகள் பல ஒதுக்கும் கசப்பு இலை அது; இந்தப் பறவையோ பனிக்காலத்தில் எடை கூடுவதும் உண்டு. கோழிக்கு இருப்பதுபோல் தானியத்தை அரைக்கும் வலுவான இரைப்பை இதற்குக் கிடையாது. ஆகவே செடி போனால் வேறு இரைக்கு மாறிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. பேடை அந்தப் புதரின் அடியில்தான் முட்டையிடுகிறது. முட்டையை மறைக்கப் பக்கத்தில் உயரமான புல்லும் வேண்டும். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் பூச்சிகளும் மென்மையான சிறு செடிகளும் வேண்டும். கோடை முற்றினால் குஞ்சுகளோடு ஈரப் புல்வெளிக்கு இறங்கும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் அந்த ஆண்டின் குஞ்சுகள் தேறமாட்டா. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி 1965-க்குப் பிறகு இப்பறவையின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்துவிட்டது. நூற்றுக்கணக்கான மற்ற உயிர்களும் அந்தப் புதரை நம்பி இருக்கின்றன.

இதே இதழ்தான் ராஜஸ்தானத்துக் கானமயில் என்ற அருகிவரும் புல்வெளிப் பறவைக்காகப் பக்கம் பக்கமாக எழுதியது. மின்கம்பிகளில் மோதி அவை சாவதைப் படித்து நான் அழுதிருக்கிறேன். இங்கே மின்கோபுரங்களில் அண்டங்காக்கைகள் கூடு கட்டி, சேஜ் கிரவுஸ் முட்டைகளைத் தேடித் தின்கின்றன. அங்கே புல்வெளியைத் தரிசு என்று அரசு சொன்னால் கண்டிக்கிறீர்கள். இங்கே அதையே உங்கள் இதழ் சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் பக்கத்தில் இந்தப் பறவையின் படத்தைப் போட்டு “வான்கோழி” என்று அச்சிட்டீர்கள். அப்போது நான் அனுப்பிய கடிதத்தில் உங்கள் இதழைப் பாராட்டிய முதல் வரி மட்டும் வெளியானது. இத்தனை ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் எனக்கு அது ஆறாத மனக்குறை.

நம்மவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இளவேனிலில் விடியும் முன்பே ஆண் பறவைகள் ஆண்டாண்டுக் காலமாக வரும் அதே திடலில் கூடி, மார்புப் பைகளை ஊதிக்கொண்டு ஆடும். பேடைகள் இணை தேர்வது அங்கேதான். தெரிந்த குடும்பங்கள் சிலரை நம்பி அப்படி ஒரு திடலுக்கு அழைத்துச் சென்றேன். காரை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒருவர் இறங்கி டிரோனைப் பறக்கவிட்டார். அத்தனையும் எழுந்து போயின; அன்று காலை ஒன்றுகூடத் திரும்பவில்லை. “வெறும் கோழிதானே அக்கா” என்றார். அந்தச் சொல்லுக்கும் உங்கள் இதழில் வந்த வரிக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை.

இப்பறவையை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு முடிவெடுத்தபோது, அரசு நிலங்களுக்கு வகுத்திருந்த பாதுகாப்புத் திட்டங்களைக் காரணமாகக் காட்டியது. 2019-இல் அந்தத் திட்டங்களையே தளர்த்தினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் ஐடஹோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் குறுக்கிட்டு அதை நிறுத்திவைத்தது. எண்ணெய்க் கிணறும் சுரங்கமும் கேட்டு வருகிறவர்களுக்கு, அங்கே ஒன்றுமில்லை என்று மக்கள் நம்புவது பெரிய வசதி. தெரியாமல் நாமும் அதற்குத் துணைபோக வேண்டுமா?

நான் கேட்பது சிறிய உதவிதான். பயணக் கட்டுரையின் முடிவில் வரும் “பயணிகள் கவனத்துக்கு” என்ற பெட்டியில், அடுத்த இதழில் மூன்று குறிப்புகள் சேருங்கள். மார்ச் முதல் மே வரை ஆடுதிடலுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே சென்று, பறவைகள் தாமாகக் கலையும்வரை வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். டிரோன் கூடவே கூடாது. கோடையில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது; சூடான புகைபோக்கிக் குழாய் பட்டாலே தீப்பிடிக்கும். இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட நேர்ந்தால் என் வருத்தங்களை வெட்டிக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
பாய்சி, ஐடஹோ