ஊருணியை மீட்டுத் தந்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழையில் நம் குடிதண்ணீர்க் குளம், அந்த ஊருணி, மேல்படி வரை நிறைந்துவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

துபாயில் 14 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். மாடி எடுத்துக் கட்டிவிட்டால் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு லீவுக்கும் நீங்களும் “மாடி எப்போ?” என்றுதான் கேட்டீர்கள். செங்கல் இறக்கிய அன்று, எங்கள் வாசலில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையாக நின்றன. என் மனைவிதான் சொன்னாள்: “மாடி இருக்கட்டும், தண்ணிக்கு வழி பாருங்க.” பர்மாவுக்குப் போய்ச் சம்பாதித்த நகரத்தார் வீட்டோடு ஊருணியும் வெட்டி வைத்த சீமை இது. நாமோ இருந்ததையும் சீமைக்கருவேலத்துக்கு விட்டுவிட்டோம்.

மாடிக்கு வைத்த பணத்தை நான் போட்டேன், சரி. பணத்தால் ஆனது பாதிகூடக் கிடையாது.

ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலத்தெரு அப்பத்தாதான் கம்பை ஊன்றி நடந்து காட்டினார். அது போய் முட்டிய இடம் எங்கள் பங்காளி வீட்டுச் சுற்றுச்சுவர். எனக்குப் பேச்சே வரவில்லை. சித்தப்பா சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தார், உள்ளே போனார், கடப்பாரையோடு வந்தார். முதல் அடி அவர் அடித்ததுதான். சித்தப்பா, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜேசிபி ஓட்டிய தம்பி கடைசி இரண்டு நாளுக்கு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வந்து கருவேலத் தூரைத் தோண்டினார்கள். ஒன்று விட்டாலும் மறுபடி தழைத்துவிடும் என்று ஒன்றுவிடாமல். அப்புறம், அனுமதி வாங்கி, ஊருணி அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளிய வயல்காரர்கள் வண்டிக் கூலியைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

நேற்று அப்பத்தா முதல் குடம் எடுத்தார். தண்ணீர் கலங்கல்தான். மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி, ஊற்றி வைத்தார். மண் அடியில் படிந்து தெளிந்ததும் ஒரு செம்பு மொண்டு என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷமாக “துபாய்க்காரரே” என்று கூப்பிட்டவர், நேற்று “குடிடா, கொத்தனார் மகனே” என்றார். அப்பா இருந்து கேட்டிருக்கலாம்.

படித்துறையில் கால் கழுவாதீர்கள், ஆடு மாடு இறங்க விடாதீர்கள். அடுத்த புரட்டாசியில் வரத்துக்காலைத் தூர்வார வேண்டும். மண்வெட்டியோடு வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.

நன்றியுடன்,
கீழத்தெரு கொத்தனார் மகன்