பங்குக் கறி

கெப்பாளா பத்தாஸ், பினாங்கு

அன்புள்ள முருகையாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். உன் மகன் ரவாங்கில் வளர்க்கும் ஆடுகளை இனி ஏஜெண்டுக்குத் தள்ளாமல் நேராக வீடுகளுக்கே விற்கப் போகிறான் என்று எழுதியிருக்கிறாய். நல்ல முடிவு. ஏஜெண்டு கண்மதிப்பில் விலை சொல்லும்போது வளர்த்தவனுக்கு வயிறு எரியும். மாட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன், அவனுக்கு உதவும்.

முதலில் எடைக் கணக்கு. உயிரோடு 300 கிலோ நிற்கும் மாட்டை அறுத்துத் தோல், தலை, குடல் கழித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும். எலும்பும் போனால் 100 கிலோவை ஒட்டி வரும். ஆடும் அப்படித்தான், 30 கிலோ கிடாயில் எலும்போடு 15 கிலோவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இது தெரியாமல் கறிக்கு விலை வைத்தால் தீவனக் காசுகூடத் திரும்பாது.

ஐஸ் இறைச்சியோடு விலையில் மோதவே கூடாது. இந்தியாவிலிருந்து வரும் எருமைக் கறி, ஆஸ்திரேலிய ஆட்டுக்கறி விலைக்கெல்லாம் நம்மால் வளர்க்க முடியாது. நம்மிடம் வாங்குகிறவர் கொட்டகைக்கே வந்து பார்க்கலாம், என்ன தின்றது, என்றைக்கு அறுத்தது என்று கேட்கலாம். அதற்குத்தான் கூடக் கொடுக்கிறார்கள். அந்தப் பதிலில் ஒரு சொல் பொய் இருக்கக் கூடாது.

பெரிய தொல்லை வேறு. எல்லாருக்கும் தொடைக்கறிதான் வேண்டும். சூப்புக்கு வால் கேட்பவர்கள் பத்துப் பேர், மாட்டுக்கோ ஒரு வால். கழுத்தும் நுரையீரலும் ஐஸ் பெட்டியிலேயே கிடக்கும். லாபம் கரைவது அங்கேதான். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானில் ஒரு மாட்டுக்கு ஏழு பங்கு வைப்போமே, அதையே விற்பனைக்கும் வைத்துக்கொண்டேன். வாட்சாப்பில் பங்கெல்லாம் நிரம்பி, பாதிப் பணம் வந்த பிறகுதான் மாடு அறுப்புக்கூடத்துக்குப் போகும். ஒவ்வொரு பங்கிலும் எல்லாப் பகுதியும் கொஞ்சம் இருக்கும். பெரிய எலும்புகள் மட்டும் சூப் துலாங், அதாவது எலும்பு சூப், போடும் கடைகளுக்கு.

ஆட்டுக்கு இதைவிட நல்ல வழி உங்களிடமே இருக்கிறது. எஸ்டேட்டில் தீபாவளிக்குக் கிடாய் வெட்டிக் கூறு போடுவார்களே! கறி, ஈரல், குடல், எலும்பு எல்லாம் எல்லாக் கூறிலும் சமமாக விழும், ஒன்றும் மிஞ்சாது. உன் அப்பா தராசே இல்லாமல் கூறு வைப்பதை, எங்கள் அத்தா கடையை விட்டு இறங்கி வந்து பார்ப்பார். மகன் வருகிற தீபாவளிக்குக் கூறுகளாகவே முன்பதிவு எடுக்கட்டும். செந்தூலிலும் பத்துமலைப் பக்கமும் கேட்டு வாங்குவார்கள்.

கொட்டகையிலேயே வெட்டி விற்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். கால்நடைத் துறை சோதனை நடக்கும் அறுப்புக்கூடத்துக்கே கொண்டுபோகச் சொல். அப்புறம், கோலாலம்பூர் நெரிசலில் கறி வெயிலில் நிற்கக் கூடாது. நல்ல ஐஸ் பெட்டி வாங்காமல் முதல் ஆர்டரை எடுக்க வேண்டாம்.

இங்கே அடுத்த மாட்டுக்குப் பங்கு நிரம்பிக்கொண்டிருக்கிறது. அவனை ஒரு வாரம் அனுப்பிவை. அறுப்பிலிருந்து வீடு வீடாகக் கொடுப்பது வரை கூடவே இருந்து பார்க்கட்டும். அம்மாவுக்கு என் சலாம் சொல்.

அன்புடன்,
காதர்