வெளிச்சம் கூடிய ஊரிலும் சனியைப் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் வந்த வானியல் கட்டுரையைப் படித்தேன். தெருவெல்லாம் எல்.ஈ.டி. விளக்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்து வானத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, இங்கே தொலைநோக்கி வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பால்வீதி எங்கள் ஊர்களில் மங்கிப்போய்விட்டது உண்மைதான். 2022இல் மின்சாரம் மணித்தியாலக் கணக்கில் நின்ற இரவுகளில் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு எதை இழந்திருக்கிறோம் என்று தெரியும். ஆனால் கிரகங்களும், வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும் இரட்டை நட்சத்திரங்களும் தெருவிளக்குக்குப் பயந்து ஒளிப்பவை அல்ல. அவை போதுமான வெளிச்சம் உடையவை. அவற்றுக்கு வேண்டியது இரண்டு: வானத்தில் உயரம், அசையாத காற்று. இரண்டிலும் யாழ்ப்பாணம் கொடுத்து வைத்த இடம். இதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலும் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது வட அகலாங்கு 9.7 பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது அல்லவா? கிரகங்களும் ஏறத்தாழ அதே பாதையில்தான் போகின்றன. அதனால் வியாழனோ சனியோ எந்த இராசியில் நின்றாலும் இங்கே உச்சி கடக்கும்போது 50 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. 2018, 2019இல் சனி தனுசுப் பக்கம் நின்றபோது லண்டனில் அது தொடுவானத்திலிருந்து 16 பாகைதான் எழும்பியது. அங்கே அதைப் பார்ப்பது சுடுதண்ணிச் சட்டிக்கு மேலால் பார்ப்பதுபோல. இங்கே அதே சனி 58 பாகையில் நின்றது.

காற்றும் அப்படித்தான். வடக்கு நாடுகளில் கிரகம் பார்ப்பவர்களை அலைக்கழிக்கும் மேல்வளிமண்டல வேகக் காற்றோட்டம் எங்கள் தலைக்கு மேலால் போவது குறைவு. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வட அகலாங்கு 10 பாகையை ஒட்டிய இடம், வெளிச்சம் நிறைந்த நகரம். அங்கிருந்துதான் கிறிஸ்டோபர் கோ என்ற பொழுதுபோக்கு வானியலாளர் 2006இல் வியாழனில் இருந்த ஒரு வெள்ளைப் புள்ளி சிவப்பாக மாறியதை உலகத்துக்குச் சொன்னார். அவருக்கு அது கிடைத்தது வானம் இருட்டாக இருந்ததால் அல்ல. கிரகம் உயரத்தில் நின்றது, காற்று அடங்கியிருந்தது, அவரும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடை முழுவதும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பங்குனி, சித்திரையில் பின்னேரம் முகில் கட்டினாலும் மழை பெய்து ஓய்ந்த இரவுகள் அருமையானவை. வைகாசிக்குப் பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். அப்போது முக்காலியின் கால்களை நீட்டாமல் பதித்து வைத்து, மதிலின் மறைவில் கதிரை போட்டு இருந்து பார்க்க வேண்டும். இன்னொன்று: சீமெந்து முற்றத்தில் வைக்காதீர்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இரவு பத்து மணிவரை கக்கிக்கொண்டிருக்கும், சனியின் வளையம் நெளியும். கிணற்றடிப் பக்கத்து மண் தரை நல்லது, நுளம்பைப் பொறுத்துக்கொண்டால். உச்சியில் நிற்கும் கிரகத்துக்குத் தொலைநோக்கிக் குழாயை நிமிர்த்தினால் அதன் வால்பக்கம் முக்காலிக் காலில் இடிக்கும். அரை மணித்தியாலம் பொறுத்து, அது மேற்கே கொஞ்சம் சாய்ந்த பிறகு பார்ப்பதுதான் புத்தி.

இரட்டை நட்சத்திரங்களுக்கு வருவோம். எனக்கு இவைதான் பெரிய விருப்பம். கலியாண வீட்டில் பட்டப்பகலில் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து அருந்ததி காட்டுகிறோம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெறும் நீல வானத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரும் அருந்ததியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். சிறிய தொலைநோக்கியைத் திருப்பினால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார்! இடைவெளி 14 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). 1617இலேயே கலிலியோவின் மாணவர் கஸ்தெல்லி இதைக் கண்டிருக்கிறார்.

சிம்மத்தில் மகத்துக்குச் சற்று வடக்கே நிற்கும் நட்சத்திரம் நெருக்கமான இரண்டு பொன் புள்ளிகளாகப் பிரியும். விருச்சிகம் ஏறியதும் அனுஷத்தின் மூன்று நட்சத்திரங்களில் வடக்கே உள்ளதைப் பாருங்கள், பெரியதும் சின்னதுமாக 13 விகலை இடைவெளியில் இரண்டு. கேட்டைக்கும் ஒரு துணை உண்டு. ஆனால் சின்னத் தொலைநோக்கியில் அதை எதிர்பார்த்து மனம் நோகவேண்டாம். ஆடி, ஆவணியில் அன்னக் கூட்டத்தின் அலகில் இருக்கும் அல்பிரியோவைக் காட்டினால் வானியலில் அக்கறையே இல்லாதவர்களும் ஒருமுறை கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பவும் குனிவார்கள். ஒன்று மஞ்சள், மற்றது நீலம். நிறம் இவ்வளவு துலக்கமாகத் தெரியும் சோடி வானத்தில் அதிகம் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட எங்களுக்கு நெருங்கிய ஒன்று தெற்கே இருக்கிறது. வைகாசியில் இரவு பத்து, பதினொரு மணிக்குத் தென்சிலுவைக்குக் கிழக்கே, பனை வடலிகளுக்கு மேலே, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் நிற்கும். அவற்றில் கிழக்கே உள்ளது அல்பா சென்ரோறி, சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள நட்சத்திரக் குடும்பம். அது இரட்டை என்பதை 1689 டிசெம்பரில் முதலில் கண்டது ஐரோப்பாவில் அல்ல, புதுச்சேரியில். வால்வெள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற யேசுசபைப் பாதிரியார் தற்செயலாகக் கண்டார். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 வருடம். 2016ஐ ஒட்டி நெருங்கி நின்றவை இப்போது விலகிக்கொண்டு வருகின்றன, அதனால் சிறிய தொலைநோக்கிக்கும் பிரிப்பது இலகு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள எங்கள் சனத்துக்கு அது உதிப்பதே இல்லை. அங்கிருந்து லீவில் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு எங்களிடமும் ஒன்று இருக்கிறது.

கிரகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு, வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் போதும். சனி எந்த இராசி, குரு எந்த இராசி என்று அதிலேயே இருக்கிறது. பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியமா, வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் குழாயைத் திருப்பினால் கிரகம் திருக்கணிதம் சொன்ன இடத்தில்தான் நிற்கிறது. வியாழனின் நான்கு நிலாக்களில் உள்ளே இருக்கும் அயோ 42 மணித்தியாலத்தில் ஒரு சுற்று முடிக்கும். அது வியாழனின் விளிம்பை நெருங்கும் நேரத்தில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தாலே இடம் மாறியிருக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் எங்களைப் பார்க்கும்படி திரும்பியிருந்தது. இனி மெல்ல மெல்ல விரிந்து 2032இல் முழுதாகத் தெரியும். இன்று ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த மாற்றம் முழுவதையும் பார்க்கக் கிடைக்கும்.

தொலைநோக்கி வாங்குபவர்கள் பெட்டியில் உள்ள '525 மடங்கு' என்ற எழுத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். 70 மில்லிமீற்றர் வில்லைக்கு 140 மடங்குக்கு மேல் போனால் பெரிதாகும், தெளிவாகாது. 900 மில்லிமீற்றர் குவியத்தூரத்தோடு (வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லை, போட்டால் 90 மடங்கு. நான் மேலே சொன்னவற்றுக்கு அது தாராளம். சில மலிவுப் பெட்டிகளில் பார்வைத்துண்டில் பூட்டும் கறுப்புச் சூரியக் கண்ணாடி ஒன்று வரும். அதைப் பிள்ளைகள் கையில் படவிடாமல் உடைத்து எறிந்துவிடுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் நல்ல தொலைநோக்கி ஒன்று விஞ்ஞானகூட அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்ற பயமாம். வட்டுக்கோட்டை செமினறி என்ற பழைய கல்லூரி 1823இல் தொடங்கி வானியலையும் ஒரு பாடமாகப் படிப்பித்த மண் இது.

ஆகவே இரண்டு கேட்கிறேன். ஒன்று, உங்கள் ஞாயிறு இதழில் இராசிபலனுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசியை ஒதுக்கி, அந்த வாரம் எந்தக் கிரகம் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் என்று போடுங்கள். மற்றது, பாடசாலை அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும். நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாளில் வருகிறது. அதனால் திருவிழாவின் முதல் வாரத்தில் பொழுதுபட்டதும் வளர்பிறை நிலவு வானத்தில் இருக்கும். பாதி நிலவில்தான் மலைகளின் நிழலும் பள்ளங்களும் நன்றாகத் தெரியும், எவ்வளவு விளக்கு எரிந்தாலும். அந்த நாட்களில் பின்வீதிப் பக்கம் சனம் குறைந்த ஓர் ஒழுங்கையில், உரிய அனுமதியோடு, அலுமாரித் தொலைநோக்கிகளை வெளியே கொண்டுவந்து வையுங்கள். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல உயர்தரப் பெடியள் நாலு பேர் போதும். ஆள் குறைந்தால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இணுவில்.