நம் கரோக்கி சங்கத்தின் செயலாளர் அறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சங்க அன்பர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் தருமபுரி நான்கு ரோடு பக்கம் நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறையில் நிகழ்ச்சி நடக்கிறது. ஏப்ரல் 7 தேர்தல் நேரம் என்பதால் விட்டுவிட்டோம். டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, அரூர் உறுப்பினர்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. அன்றும் நிகழ்ச்சி இல்லை. மற்ற 22 நிகழ்ச்சிகளும் நடந்தன. சுதந்திர தினத்தில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். பொங்கல் விழா நடந்தது. பாடகர் பி.ஜெயச்சந்திரன் ஜனவரி 9 அன்று மறைந்ததையொட்டி, ஜனவரி 19 நிகழ்ச்சி முழுக்க அவர் பாட்டுகளையே பாடினோம். சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டிய தாள்கள் போய்விட்டன.

இனி, ஆண்டு முழுக்கப் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். யார் ஹோஸ்ட் செய்வது?

போன பொதுக்குழு வரை, ஒரு மாலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து வெளியிலிருந்து ஒரு தொகுப்பாளரை அழைத்துக்கொண்டிருந்தோம். உறுப்பினர்களே முறை வைத்து நடத்தலாம் என்ற தீர்மானத்தை நான்தான் கொண்டுவந்தேன். மூத்த உறுப்பினர்கள் சிலர் எழுந்து, "ஹோஸ்ட்னா இளசா இருக்கணும், கணீர்னு குரல் இருக்கணும், நாலு ஜோக் அடிக்கத் தெரியணும். கண்டவங்க கையில மைக்கைக் கொடுத்தா சபை கலைஞ்சிரும்" என்றார்கள். தீர்மானம் தட்டுத் தடுமாறித்தான் நிறைவேறியது. 22 நிகழ்ச்சிகளை 9 பேர் நடத்தினார்கள். இளையவருக்கு வயது 19, மூத்தவருக்கு 71. சபை கலையவில்லை. இந்த ஒன்பது பேரும் எங்கிருந்து வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பது பதிவாக வேண்டும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஹோஸ்ட் வேலை என்ன என்பது முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவருக்குத் தெரியாது. மாலை 6 மணிக்குத் தொடங்கி 9:30க்கு முடிக்கிறோம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் எல்லை, அக்கம்பக்கத்திலும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பாட்டு ஐந்து நிமிடம், ஆள் மாற, ட்ராக் (பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை) தேட இன்னும் இரண்டு நிமிடம். கணக்குப் போட்டால் 30 பாட்டுக்கு மேல் நகராது. பாட விரும்புகிறவர்கள் பெயர் எழுதிப் போடும் பெட்டியில் விழுவதோ 45 சீட்டு. யாரை முன்னால் அழைப்பது, யாரை அடுத்த நிகழ்ச்சிக்குத் தள்ளுவது, தள்ளப்பட்டவர் முகம் வாடாமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் ஹோஸ்ட் தலையில்தான் விழுகிறது.

இதை நான் பார்த்த வரையில் மிகச் சிறப்பாகச் செய்தவர், அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற நம் 63 வயது அண்ணன். பெயர்ச் சீட்டுகளை நீளவாக்கில் மடித்து இடது கை விரல் இடுக்குகளில் செருகிக்கொள்வார். முதல் இடுக்கில் ஆண்கள், அடுத்ததில் பெண்கள், கடைசியில் ஜோடிப் பாட்டு. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளை முப்பது வருடம் அப்படிப் பிடித்த கை அது. "காரிமங்கலம் மேல வாங்க, மொரப்பூர் ரெடியா இருங்க" என்று ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அடுத்தவர் முன்கூட்டியே படியருகே வந்து நிற்பார். அவர் நடத்திய ஒரு மாலையில் 33 பாட்டு ஓடியது.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த 66 வயதுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமும் உண்டு, பெருமையும் உண்டு. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று ஒரு காலத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் வாசித்தவர். ட்ராக் வந்தது, வாய்ப்புகள் போயின. "மனுசன் வாசிச்ச இடத்துல பென் டிரைவ் வாசிக்குது" என்று இரண்டு வருடம் நம் படியேறாமல் இருந்தார். அவர் வீட்டுக்கு நான் நான்கு முறை போனேன். கரோக்கிப் பெட்டியைச் செய்தவரும் உங்களைப் போல வாசித்தவர்தான் என்று ஒரு நாள் சொன்னேன். ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில், பாடும் வாடிக்கையாளர்களுக்குப் பின்னணி வாசித்தவர் டைசுகே இனோவே. வெளியூர்ப் பயணத்துக்குத் துணையாக வந்து வாசிக்கும்படி ஒரு வாடிக்கையாளர் கேட்க, போக முடியாததால் வாசித்ததை டேப்பில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்த யோசனையில் 1971இல் 11 பெட்டிகள் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமைகூட வாங்கவில்லை. பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறு வந்தார். இப்போது யாராவது இரண்டு அடி முணுமுணுத்தாலே போதும், "உங்களுக்கு ஒன்றரைக் கட்டை, ட்ராக் மூணுல இருக்கு" என்று சொல்லி ட்ராக்கின் சுருதியை இறக்கிவிடுகிறார். ரொம்ப இறக்கினால் இடையிசையில் வயலின் தொண்டை கட்டியதுபோல் ஆகிவிடும், அந்த எல்லையும் அவருக்குத் தெரியும். உச்சத்தில் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்த வருடம் குறைந்தார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் 44 வயதுச் சகோதரி நடத்திய நாளில் நடந்த ஒன்றை நான் மறக்க மாட்டேன். குமாரசாமிப்பேட்டையில் பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர் வருவார். எல்லாப் பாட்டும் வானொலியில் கேட்டுக் கேட்டு மனப்பாடம், ஆனால் எழுத்து தெரியாது. திரையில் வரிகள் நிறம் மாறுவது அவருக்கு ஒன்றும் சொல்லாது. இடையிசை முடிந்து சரணம் எங்கே தொடங்குகிறது என்பதில் தடுமாறி, பாதியில் மைக்கை வைத்துவிட்டுப் போன நாள்கள் உண்டு. அன்று சகோதரி அவர் பின்னால் நின்றுகொண்டு, சரியாக எடுக்க வேண்டிய இடத்தில் தோளில் ஒரு விரலால் தட்டினார். இரண்டு சரணத்துக்கும் அதே தட்டல். அம்மா முழுப் பாட்டையும் பாடி முடித்தார்.

இதையொட்டி இன்னொன்று. நமக்குக் கிடைக்கும் ட்ராக்குகள் பலவற்றில் தமிழ்ப் பாட்டு இங்கிலீஷ் எழுத்தில்தான் ஓடுகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் என்ன செய்வார்? 71 வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா, நீளநோட்டில் பாட்டு வரிகளைத் தமிழில் பெரிய எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. மேடையில் அவர் பேசுவது குறைவு. நோட்டைச் சரியான பக்கத்தில் திறந்து பாடுபவர் முன்னால் வைப்பார், அவ்வளவுதான்.

பென்னாகரம் தம்பிக்கு 34 வயது. வாரம் முழுக்க ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவு ஊர் திரும்புகிறவர். அவர் அப்பா தெருக்கூத்தில் கட்டியங்காரன் கட்டியவர். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தைப் பார்த்து, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டுச் சபைக்கு அறிமுகம் செய்வது கட்டியங்காரன் வேலை. தம்பியும் அதையே செய்கிறார். முதல்முறை வருகிறவரிடம் ஊர், தொழில், யார் சொல்லி வந்தார் என்று கேட்டுப் பேச வைப்பார். பேசி முடிப்பதற்குள் அவருக்குக் கை நடுக்கம் நின்றுவிடும், அப்புறம்தான் ட்ராக் போடுவார். பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் 52 வயது நண்பர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அழைக்கிறார். 19 வயது பாலிடெக்னிக் மாணவர்தான், புளூடூத்தில் விட்டால் குரல் ஒரு இமை பிந்தி வரும் என்று கண்டுபிடித்து எல்லாவற்றையும் ஒயருக்கு மாற்றினார். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளைச் சத்தம் கூடும், குறையாது என்று பெரியவர்களுக்குப் பணிவாகச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மீதி இருவர் ஒவ்வொரு முறைதான் நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள்.

செயலாளர் தன் ஆட்களுக்கே வாய்ப்புக் கொடுக்கிறார் என்று ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. ஒவ்வொரு மாதமும் வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போட்டேன். தானாக முன்வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களை நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டு அன்று போனை அணைத்து வைத்த ஒருவருக்குப் பதிலாக நானே நின்றேன், பெயர் சொல்லப் போவதில்லை. வயதைப் பற்றிப் பேசியவர்களுக்கு ஒரே ஒரு தகவல். இனோவேக்கும் முன்னால், 1967இல், ஸ்பார்கோ பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டியைச் செய்த ஷிகெய்ச்சி நெகிஷிக்கு அப்போது நாற்பதுக்கு மேல் வயது. வேலை நேரத்தில் அவர் பாடியதை ஊழியர் ஒருவர் கிண்டல் செய்ததில் தொடங்கியது அது. 2024 ஜனவரியில் தம் 100ஆவது வயதில் மறைந்தார்.

மனதை வருத்துவது வேறு. பெயர் கொடுத்து, தன் பாட்டைப் பாடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு அடுத்த பாட்டுக்குக்கூட உட்காராமல் இறங்கிப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். 9 மணிக்குப் பாடுகிறவர் முன்னால் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். அன்றைய ஹோஸ்ட்டோ மூன்றரை மணி நேரம் நின்றுகொண்டு, பெரும்பாலும் தான் ஒரு பாட்டும் பாடாமல், கடைசியில் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டுப் போகிறார். இதை அன்பர்கள் யோசிக்க வேண்டும்.

சந்தா மாதம் 100 ரூபாய். 64 உறுப்பினர்களில் 27 பேர் பாக்கி, சிலர் ஆண்டு முழுக்க. அவர்களில் ஒருவரைக்கூட ஹோஸ்ட் மேடையிலிருந்து திருப்பி அனுப்பவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒட்டி நிற்கின்றன. வெளித் தொகுப்பாளருக்குக் கொடுத்த பணம் மிச்சமானதில்தான் ஒலி மிக்சரைப் பழுது பார்த்து இரண்டாவது கார்ட்லெஸ் மைக் வாங்க முடிந்தது. வாடகை இரண்டு மாதம் தாமதமானபோது கையிலிருந்து போட்டது சிறு தொகை, அது வந்து சேர்ந்துவிட்டது.

அறை உரிமையாளருக்கும், தேநீர் கொடுத்த கடைக்காரருக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி. ஒன்பது ஹோஸ்ட்களுக்கும் சங்கம் கடன்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டில் கீபோர்டு பெரியவருக்குக் கண் அறுவை சிகிச்சை இருக்கிறது, மாணவர் வேலைக்குப் போகிறார். ஒன்பது பேரில் பெண்கள் இருவர் மட்டுமே என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. பாடத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆளைப் பார்த்துப் பழகிய தொழில் எதுவாக இருந்தாலும் போதும், மிக்சரை நாங்கள் சொல்லித் தருகிறோம். ஜூன் வரை ஹோஸ்ட் பெயர் எழுதியாகிவிட்டது. ஜூலை முதல் ஞாயிறுக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. நோட்டு வாசல் மேசைமேல் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்