தெரியாத வரிய தாண்டிப் போகாதீங்க: வேர்ச்சுவல் மெஷின் மென்பொருள் எழுதுறவங்களுக்கு ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள டெவலப்பர் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நாங்க இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்து கொஞ்சம் மேல, ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில சனி, ஞாயிறு மட்டும் கொம்பியூட்டர் கிளாஸ் நடத்துறோம். மொத்தம் 12 மெஷின். எல்லாமே யாரோ பாவிச்சிட்டு குடுத்தது, ஒண்ணத் தவிர மத்த 11ம் 4 ஜிபி ரேம். ஒரு கொம்பியூட்டருக்குள்ள இன்னொரு கொம்பியூட்டர ஓட்டுற உங்க வேர்ச்சுவல் மெஷின் மென்பொருள மூணு வருஷமா பாவிக்கிறோம், அதுக்கு மனசார நன்றி சொல்லிட்டுத்தான் இத எழுதுறேன். மெஷின் எப்படி ஓடணும்னு நாங்க எழுதி வைக்கிற கொன்ஃபிக் ஃபைல்ல, புது வேர்ஷன்ல நீங்க ஒரு ஆப்ஷனோட பேர மாத்தினீங்க, அத நான் உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. அந்த மாத்தத்தால எங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்காது, அத மட்டும் சொல்றேன்.

கேக்க வந்தத முதல்லயே கேட்டுர்றேன். கொன்ஃபிக் ஃபைல்லயோ, கட்டளைய எழுத்துல அடிச்சுக் குடுக்கிற கமாண்ட் லைன்லயோ தனக்கு தெரியாத ஒரு ஆப்ஷன் இருந்தா உங்க ப்ரோக்ராம் அத தாண்டிப் போகக் கூடாது. நிக்கணும். எந்த ஃபைல், எத்தனையாவது வரி, எந்தச் சொல்லு புரியலன்னு ஸ்க்ரீன்ல சொல்லணும்.

எங்க கிளாஸ்ல, வின்டோசுக்கு பதிலா பாவிக்கக்கூடிய லினக்ஸ் சொல்லிக் குடுக்கிறோம். லினக்ஸ் படிக்கிற புள்ள எதையாச்சும் ஒடைச்சாத்தான் படிக்கும். ஆனா இருக்கிற மெஷின்ல வின்டோஸ் கெட்டுப்போனா அத திரும்ப போட எங்களுக்கு ஒரு நாள் போயிரும், அதனாலதான் வேர்ச்சுவல் மெஷின். ஒரு பென்டிரைவ்ல ஒரு அடிப்படை டிஸ்க், டெக்ஸ்ட்ல 14 வரி கொன்ஃபிக், கட்டளைங்கள வரிசையா ஓட்டுற ரெண்டு வரி பேட்ச் ஃபைல் ஒண்ணு, அவ்வளவுதான் எங்க முழு செட்டப். டெஸ்க்டொப் இல்லாத லினக்ஸ்ங்கிறதால 512 எம்பி ரேம் தாராளமா போதும். புள்ளைங்க செய்ற மாத்தம் எல்லாம் அடிப்படை டிஸ்க்க தொடாம வேற ஒரு சின்ன ஃபைல்ல போய் விழும், கிளாஸ் முடிஞ்சதும் அத அழிச்சா மெஷின் பழையபடி புதுசு. கியூஎமுங்கிற இன்னொரு வேர்ச்சுவல் மெஷின் மென்பொருள்ல ஸ்னாப்ஷொட்னு ஒரே ஒரு ஆப்ஷன் போட்டா இதே வேல நடக்கும், உங்கள்ட்டயும் அது நல்லாவே இருந்துச்சு. பேட்ச் ஃபைல டபுள் க்ளிக் பண்ணினா அர நிமிஷத்துல 12 மெஷினும் ரெடி.

புது வேர்ஷன் வந்ததும் போட்டேன். பாதுகாப்பு பிழைங்கள திருத்தியிருக்குன்னு நீங்களே எழுதியிருந்தீங்க, போடாம இருக்கிறது சரியில்லன்னு நெனச்சேன். அடுத்த சனிக்கிழம ப்ராக்டிக்கல் டெஸ்ட். பேட்ச் ஃபைல் ஓடிச்சு, ஒரு எரர் கூட வரல, ஜன்னல் தொறந்துச்சு, அதோட 11 மெஷினும் நின்னுபோச்சு. மவுஸ் நகரல, ஹார்ட் டிஸ்க் லைட் எரிஞ்சது எரிஞ்சபடியே இருக்கு. 8 ஜிபி இருந்த அந்த ஒரு மெஷின் மட்டும் நல்லா ஓடுது. அத பாத்துத்தான் நாங்க ஏமாந்தோம். மென்பொருள் சரியாத்தான் இருக்கு, எங்க மெஷின்தான் கிழடாகிருச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். ஓஃப் பண்ணி ஓன் பண்ணி பாத்தோம், வயர கழட்டி மாட்டி பாத்தோம், மூணு மணித்தியாலம் அப்படியே போச்சு.

தோட்டத்தோட மேல் பகுதியில, மேல் டிவிஷன்ல இருந்து மழையில நடந்து வர்ற ஒரு புள்ள இருக்கு. அந்த மூணு மணித்தியாலமும் நின்னுபோன ஸ்க்ரீன் முன்னுக்கே உக்காந்திருந்துச்சு. கடைசியில கொப்பிய எடுத்து, கேள்வித்தாள்ல இருந்த ஒவ்வொரு கேள்விக்கும் என்ன கமாண்ட் அடிக்கணும், அடிச்சா ஸ்க்ரீன்ல என்ன வரும்னு மனப்பாடத்துல இருந்து பேனையால எழுதி, பக்கத்த கிழிச்சு என் கையில குடுத்துச்சு. "சேர், இது சரியான்னு பாருங்க, அடுத்த கிழம வர முடியாது, வீட்டுல கொழுந்து கூட." எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. ஒரு கமாண்ட கூட அது அன்னைக்கு அடிக்கல.

அதோட முடியல. ரேம் பத்தலன்னு நாங்க சொன்னத நம்பி பெத்தவங்க காசு சேத்தாங்க. ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா வேணும்னு 2021 வரைக்கும் போராடின சனங்க இது. வீட்டுக்கு வீடு ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, உண்டான காச எடுத்துக் குடுத்து, ரெண்டு மெஷினுக்கு பழைய ரேம் வாங்கிப் போட்டோம். அந்த ரெண்டும் ஓடிச்சு. ரேம்தான் பிரச்சினன்னு அப்ப எனக்கு இன்னும் உறுதியாப் போச்சு. மிச்சம் ஒன்பது மெஷினுக்கு என்ன செய்றதுன்னு கணக்கு போட்டுட்டு இருந்தப்ப, எங்கள்ட்ட படிச்சிட்டு இப்ப கொழும்புல வேல செய்ற தம்பி ஒருத்தர் தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர் கிளாஸ் பக்கம் வந்தார். ப்ரோக்ராம் என்னென்ன செஞ்சுச்சுன்னு விவரமா லொக் ஃபைல்ல எழுதுற ஆப்ஷன போட்டு ஓடவிட்டார். நூத்துக்கணக்கான வரிக்கு நடுவுல ஒரு வரி. எங்க 14 வரியில ரேம் அளவு சொல்ற வரிய தெரியாத சொல்னு விட்டுட்டேன்னு உங்க ப்ரோக்ராம் அதுல எழுதி வச்சிருக்கு. நீங்க அந்த ஆப்ஷனோட பேர மாத்திட்டீங்க. பழைய பேர் அதுக்கு தெரியல, தெரியாதத தாண்டிப் போயிருச்சு, 512 எம்பி கேட்ட இடத்துல, யாரும் ஒண்ணும் சொல்லாட்டி தானா எடுக்கிற புது டீஃபோல்ட் 3 ஜிபிய எடுத்துக்கிச்சு. 4 ஜிபி மெஷின்ல வின்டோசும் ஓடிக்கிட்டு 3 ஜிபிய இதுக்கு குடுத்தா மெஷின் நிக்காம என்ன செய்யும். புது பேர போட்டோம், 12ம் ஓடிச்சு. ஒரே ஒரு சொல்லு.

எங்க அம்மா 30 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. கிலோ கொறஞ்சா அரைப்பேர், சில நாள் பேரையே வெட்டிருவாங்க. அத அன்னைக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. செக்ரோல்ங்கிற வேலைப் பதிவுப் புத்தகத்துல மட்டும் எழுதியிருக்கும், செக்ரோல் ஆபிஸ்ல இருக்கும், சம்பள நாள்ல காச எண்ணிப் பாத்தாத்தான் கொறஞ்சது தெரியும், அப்ப போய் கேட்டா எந்த நாள்னு நமக்கே ஞாபகம் இருக்காது. வெட்டினத விட அத மொகத்துக்கு நேர சொல்லாததுதான் அம்மாவுக்கு தாங்காது. அந்த லொக் ஃபைல பாத்தப்ப எனக்கு அந்த செக்ரோல்தான் ஞாபகம் வந்துச்சு. நாங்க எழுதின வரிய வெட்டிட்டு, வெட்டினேன்னு நாங்க பாக்காத ஒரு இடத்துல எழுதி வச்சிருக்கீங்க. நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லல. ஆனா செஞ்சது அதுதான்.

இது நடக்காத கதை ஒண்ணுமில்ல, மத்தவங்க செய்றாங்க. தூரத்துல இருக்கிற மெஷினுக்குள்ள போக பாவிக்கிற எஸ்எஸ்ஹெச் கொன்ஃபிக்ல ஒரு எழுத்து பிழையா அடிச்சு பாருங்க, ஃபைல் பேரு, வரி நம்பர், பிழையான அந்தச் சொல்லு எல்லாத்தையும் சொல்லிட்டு நின்னுரும். தெரியாதத கண்டுக்காம போகணும்னா அதுக்குனு தனி ஆப்ஷன் இருக்கு, அத பாவிக்கிறவரே எழுதி கேக்கணும். வெப்சைட் நடத்த பாவிக்கிற என்ஜின்எக்ஸ்ல சேர்வர ஸ்டார்ட் பண்ணாமலே கொன்ஃபிக் சரியான்னு மட்டும் பாத்து சொல்ற ஆப்ஷன் இருக்கு, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்கு புரியும்னு நெனக்கிறேன், வெள்ளிக்கிழம ராவே பாத்திருப்பேன். கியூஎமு ஆளுங்க ஒரு ஆப்ஷன எடுக்கிறதுன்னா முதல்ல இது போகப்போவுதுன்னு அறிவிச்சு, ரெண்டு ரிலீஸ் வரைக்கும் வச்சிருந்துட்டுத்தான் எடுக்கிறாங்க, அவங்களுக்கு வருஷத்துக்கு மூணு ரிலீஸ் வருது, அதனால பாவிக்கிறவனுக்கு மாத்திக்க நேரம் கெடைக்குது. பேர மாத்தாதீங்கன்னு நான் கேக்கல. புது பேர் பழைய பேர விட தெளிவாத்தான் இருக்கு. பழைய பேரையும் ரெண்டு ரிலீசுக்கு ஏத்துக்கிட்டு, இது பழைய பேர், இனி இப்படி எழுதுங்கன்னு ஒரு வரி எச்சரிக்கை போட்டிருந்தா போதும், அந்தப் பெத்தவங்க காசு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்னும் இதோட சேந்தது. செட்டிங்ஸ் ஜன்னல்ல எப்பவோ யாரோ அமத்தினது இப்ப கமாண்ட் லைன்ல குடுக்கிறத விட பெருசாப் போச்சு. போன கிழம நெட்வர்க் வேணாம்னு பேட்ச் ஃபைல்ல தெளிவா குடுத்தும், ஒரு மெஷின்ல யாரோ ஒரு புள்ள ஜன்னல்ல நெட்வர்க்க ஓன் பண்ணி வச்சதுதான் நின்னுச்சு. காலங்காலமா இருக்கிற ஒழுங்கு என்னன்னா டீஃபோல்ட் அடியில, அதுக்கு மேல மெஷினுக்கு பொதுவான ஃபைல், அதுக்கு மேல ஆளோட சொந்த ஃபைல், எல்லாத்துக்கும் மேல கமாண்ட் லைன். கடைசியா கையால அடிச்சது எதுவோ அதுதான் செல்லணும். இத மாத்திட்டா பிறகு எந்த பேட்ச் ஃபைலயும் நம்ப முடியாது.

ஜன்னல்லயே எல்லாம் இருக்கு, க்ளிக் பண்ணினா போச்சு, எதுக்கு இன்னும் டெக்ஸ்ட் ஃபைல்னு உங்கள்ல சிலர் நெனக்கிறது எனக்கு தெரியும். 12 மெஷின்ல, மெஷினுக்கு ஏழு எட்டு இடத்துல க்ளிக் பண்ணி பாருங்க. நாங்க பண்ணினோம், 40 நிமிஷம். முடிக்கிற நேரம் கரண்ட் போச்சுன்னா திரும்ப முதல்ல இருந்து. 1950ல இருந்து லக்சபான நீர்மின் நிலையம் கரண்ட் குடுக்குது, அது எங்க மலையில விழுற தண்ணி, இருந்தும் காத்தடிச்சு ஒரு மரம் விழுந்தா எங்க லைன்ல எப்ப வரும்னு சொல்ல ஆள் இல்ல. 2022ல நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாளையும் பாத்துட்டோம். கரண்ட் வர்ற நேரத்துல அர நிமிஷத்துல கிளாஸ தொடங்கணும்னா எங்களுக்கு டெக்ஸ்ட் ஃபைலும் கமாண்ட் லைனும்தான் கை குடுக்குது. பழசுன்னு அத ஒதுக்கிறாதீங்க.

சொல்ல வந்தாச்சு, மனசுல கெடக்கிற மத்ததையும் சொல்லிர்றேன். வின்டோஸ்ல தன் பேர தமிழ்ல வச்சிருக்கிற புள்ளையோட ஃபோல்டர்ல கொன்ஃபிக் ஃபைல் இருந்தா உங்க ப்ரோக்ராமுக்கு அந்த ஃபைல் கண்ணுக்கே தெரியல. இல்லாத ஃபைல்னு கூட சொல்லாம டீஃபோல்ட்டுக்கு போயிருது. எழுத்துங்கள கொம்பியூட்டர்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ் எழுத்துக் குறி 3 பைட், அத எழுத்துக்கு ஒரு பைட்னு எண்ற பழைய கோட் எங்கயோ உள்ள இருக்கும்போல. பழைய நோட்பேட்ல யூடிஎஃப்-8னு சேவ் பண்ணினா ஃபைலோட தொடக்கத்துல கண்ணுக்கு தெரியாத மூணு பைட் ஒட்டிக்கிது, உடனே முதல் வரி தெரியாத வரியாகிருது, அதையும் தாண்டிப் போயிருது. எங்க கிளாஸ்ல முக்காவாசி புள்ளைங்க முதல்ல தமிழ்லதான் தன் பேர அடிச்சு பழகுதுங்க. உன் பேர இங்கிலீஷ்ல மாத்திக்கோ, அப்பதான் மெஷின் ஓடும்னு ஒரு 13 வயசு புள்ளைட்ட சொல்ல வேண்டி வந்துச்சு. அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. 16 ஜிபி ரேமும் ஃபைபர் லைனும் இருக்கிற ஒருத்தர மனசுல வச்சே எல்லாத்தையும் எழுதினா இப்படித்தான் ஆகும், நாங்களும் பாவிக்கிறவங்கதான், நாங்களும் உங்க மென்பொருள நம்பித்தான் இருக்கோம்...

கோவத்துல நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. இலவசமா குடுக்கிற ஒண்ணுக்கு இவ்வளவு கேள்வியான்னு நெனச்சிறாதீங்க. இலவசமா குடுத்ததாலதான் இந்த மலையில இந்த கிளாசே நடக்குது, அத நாங்க மறக்கல. அதனாலதான் விட்டுட்டு வேறொண்ணுக்கு போகாம உங்களுக்கு எழுதிக்கிட்டு இருக்கேன்.

திரும்பவும் தயவா கேக்கிறேன், தெரியாத வரின்னா நின்னு சொல்லுங்க. ஃபைல் பேரு, வரி நம்பர், புரியாத சொல்லு, இந்த மூணும் ஸ்க்ரீன்ல வரணும், லொக்ல மட்டும் இல்ல. கொன்ஃபிக்க சரி பாக்க மட்டும் ஒரு ஆப்ஷன் குடுங்க. கமாண்ட் லைன்ல குடுத்ததுக்கே கடைசி வார்த்தைய விடுங்க. இதுல எங்களால ஆனதையும் செய்றோம். 4 ஜிபி மெஷின்ல புது வேர்ஷன ஓட்டிப் பாத்து சொல்ல ஒன்பது மெஷின் இருக்கு, எரர் மெசேஜ்கள தமிழ்ல எழுதித் தர புள்ளைங்க இருக்கு, அந்தக் கொழும்புத் தம்பி இத திருத்துற கோட் எழுதவும் ரெடின்னு சொல்லியிருக்கார்.

ப்ராக்டிக்கல் டெஸ்ட்ட தைப்பொங்கல் கழிஞ்சு முதல் சனிக்கிழம திரும்ப வைக்கிறோம். அதுக்குள்ள இந்த மாத்தம் வந்தா புது வேர்ஷன்லயே நடத்துறேன். வராட்டி பழைய வேர்ஷன பென்டிரைவ்ல எடுத்து வச்சிருக்கேன், பாதுகாப்பு பிழை இருக்குன்னு தெரிஞ்சும் அதுலதான் நடத்த வேண்டி வரும். எதுன்னாலும் முன்கூட்டியே ஒரு வரி பதில் போடுங்க, மேல் டிவிஷன் புள்ளைக்கு அன்னைக்கு வேலைக்கு போக வேணாம்னு வீட்டுல சொல்லி வைக்கணும்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு கொம்பியூட்டர் கிளாஸ் சேர்