டக்கார்ல இருந்து ஒரு லெட்டர்

மாப்ள,

எப்படிடா இருக்க. உன் பையன் நாள் பூரா ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு ராப் கேக்குறான், எல்லாம் அமெரிக்காக்காரன பாத்து காப்பின்னு பொலம்பியிருந்தியே, இங்க செனகலுக்கு வந்து எறங்குன புதுசுல நானும் அப்படித்தான் நெனச்சேன். போன மாசம் எங்க டிரைவர் மூசா வீட்டுல கொழந்தைக்குப் பேர் வச்சாங்க, இங்க பொறந்த எட்டாம் நாளு. சபார்னு ஒரு மேளம், ஒத்தக் கையில குச்சி இன்னொரு கை வெறுங்கை, அடிச்சா நெஞ்சுக்குள்ள கேக்குது, அதுக்கு ஒரு அக்கா எந்திரிச்சு வந்து கடகடன்னு இந்த ஊரு பாஷை வோலோஃப்ல எதுகையா அள்ளி விடுது, மாமியார கிண்டல் பண்ணுது, கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்குது. இதுக்குப் பேரு தாசு. ராப் எங்ககிட்ட எப்பவோ இருந்துச்சு, மைக்தான் பின்னாடி வந்துச்சுன்னு மூசா சொல்றாரு. கொஞ்சம் ஓவர்தான், பாசிட்டிவ் பிளாக் சோல்னு ஒரு ராப் குரூப்ப 1989-ல இங்க ஆரம்பிச்ச பசங்க அமெரிக்கா கேசட் கேட்டு வளந்தவங்கதான். ஆனா முழுப் பொய்யும் இல்ல.

2011 ஜனவரில, கரண்ட் மணிக்கணக்குல போயிட்டிருந்த நேரம், கவ்லாக் ஊர்ல இருந்து வந்த கெர் கி குரூப்போட ராப்பருங்க ரெண்டு பேரும் சில பத்திரிகைக்காரங்களும் சேந்து யானாமார்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. நம்ம பாஷைல "போதும்டா சாமி". பிரசிடென்ட் வாத் ரெண்டு தடவ இருந்துட்டு 85 வயசுல மூணாவது தடவையும் நிப்பேன்னாரு. இவங்க பாட்டு மட்டும் போடல, தெருத்தெருவா போயி பசங்கள வோட்டர் லிஸ்ட்ல பேர் பதிய வச்சாங்க. அந்த வேலைக்கு வச்ச பேருக்கு அர்த்தமே, சண்டைக்கு முந்தின நாளே ஆயுதத்தத் தீட்டி வைக்கிறதுன்னு. 2012 மார்ச்ல மனுஷன் தோத்தாரு. ராப்பாலயே தோத்தாருன்னு சொல்ல மாட்டேன், ஊரே கடுப்புல இருந்துச்சு, அந்தக் கடுப்ப வாக்குச்சாவடி வரைக்கும் கூட்டிட்டுப் போனதுல இவங்களுக்குப் பங்கு உண்டு.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஜூர்னால் ராப்பே. நியூஸ் வாசிக்கிறாங்கடா, கோட்டு டை எல்லாம் போட்டு, ஆனா முழுக்க ராப்ல! 2013-ல ரெண்டு ராப்பருங்க ஆரம்பிச்சது, ஹுமான் பிரெஞ்சுல சொல்லுவாரு, கேட்டி வோலோஃப்ல சொல்லுவாரு. ஆபீஸ் பாஷை பிரெஞ்சு, ஆனா சந்தைல மீன் விக்கிற அம்மாக்கு வோலோஃப்தான, நியூஸ் அவங்ககிட்டயும் போகணும்ல. மூசா டீ போட்டுக்கிட்டே (மூணு ரவுண்டு, ஒவ்வொண்ணுக்கும் சக்கரைய அள்ளிக் கொட்டுவாரு) எனக்கு அதுல வோலோஃப்ல வர்ற ஒரு வரிய வெளக்க அரை மணி நேரம் எடுத்துக்கிட்டாரு, அப்புறம் இது பிரெஞ்சுல சொன்னா சிரிப்பு வராதுன்னு விட்டுட்டாரு.

யூடியூப்ல இருக்கு, பையன்கிட்ட காட்டச் சொல்லு, ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. புரியலன்னு அவன திட்டாத, எனக்கே பாதிதான் புரியுது. தங்கச்சிய கேட்டதா சொல்லு, பொங்கலுக்கு வரேன்.

உன்
செல்வம்