துணி எதுவென்று எழுதித் தாருங்கள்: யாழ்ப்பாண நகர உடுப்புக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். கஸ்தூரியார் வீதியிலும் நவீன சந்தையிலும் பெரியகடைப் பக்கத்திலும் பெண்களுக்கான ஆயத்த ஆடைகளை விற்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் கொக்குவிலில் வீட்டோடு இருந்து தையல் வேலை செய்பவள். உங்களிடம் வாங்கிய உடுப்புகளைப் பிடிப்பிக்கவும், தளர்த்தவும், நீளம் குறைக்கவும் பெண்கள் என்னிடம் கொண்டு வருகிறார்கள். ஆகவே நீங்கள் விற்கும் உடுப்பின் உட்பக்கத்தை உங்களைவிடக் கூடுதலாகப் பார்ப்பவள் நான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு உங்கள் கடைகள் பலவற்றின் முன்னால் ‘சமர் கலெக்ஷன்’ என்ற பதாகை தொங்கியது. உள்ளே, அமெரிக்க மாணவர் உடையைப் பின்பற்றிய ‘பிரெப்பி’ பாணி உடுப்புகள் வரிசையாக இருந்தன: கொலர் வைத்த, கோடு போட்ட பிளவுஸ், மடிப்புப் பாவாடை, கையில்லாத பின்னல் வெஸ்ட், முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன், வெளிர்நிற பிளேசர். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்து ஆசைப்பட்ட உடுப்புகள் இவை. அவர்கள் ஆசைப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பாணியின் வெட்டு எனக்கும் பிடிக்கும். ஒழுங்கான கொலரும் நேரான மடிப்பும் எந்த வயதுப் பெண்ணுக்கும் எடுப்பாக இருக்கும். என் மனக்குறை வெட்டைப் பற்றியது அல்ல, துணியைப் பற்றியது.

நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி நெல்லியடியிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகிறாள். முதற் சம்பளத்தில் உங்களில் ஒருவருடைய கடையில் வெளிர்நீலக் கோடு போட்ட பிளவுஸும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் மடிப்புப் பாவாடையும் வாங்கினாள். “சுத்தக் கொட்டன் தங்கச்சி, வெயிலுக்கு நல்லது” என்று விற்றவர் சொன்னாராம். சில நாட்கள் உடுத்திய பின்னர், “அக்குள் பிடிக்குது அக்கா, கொஞ்சம் தளர்த்தித் தாங்கோ” என்று அந்த உடுப்பை என்னிடம் கொண்டு வந்தாள்.

தையலைப் பிரித்து, ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துச் சுடரில் காட்டினேன். பருத்தி நூல் என்றால் கடதாசி எரிவதுபோல எரிந்து, அதே மணத்தோடு, விரலால் தேய்த்தால் பொடியாகிப் போகும் சாம்பலை விட்டுச் செல்லும். இந்த நூல் சுடர் நன்றாகப் படுவதற்கு முன்பே சுருண்டு உருகியது, கரும்புகை விட்டது, நுனியில் கறுத்த மணியாக இறுகி நின்றது. ஆறிய பின் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், நசியவில்லை. பாவாடையின் நூலும் அப்படியே உருகியது, அதன் லைனிங் நூலும் அப்படியே உருகியது. கொலருக்குள் ஒட்டியிருந்த கன்வஸோ காற்றுப் புகாத அளவுக்குத் தடிப்பாக இருந்தது. அக்குள் தையல் நெடுகிலும் வியர்வையின் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அளவெடுப்பதற்காக அவளை நிறுத்தியபோது, கழுத்தில் கொலர் முட்டிய இடத்திலும், இடுப்பில் பட்டி இறுகிய இடத்திலும் வேர்க்குரு சிவந்து, சொறிந்த இடங்கள் புண்ணாகி இருந்ததைக் கண்டேன். அந்த இடத்தில் அளவுநாடாவை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அவள் காலையில் நெரிசலான பஸ்ஸில் நின்றபடியே வந்து, பகல் முழுவதும் வாசற்கதவு திறந்து மூடும் மண்டபத்தில் இருந்து, மாலையில் அதே உடுப்போடு மறுபடியும் நின்றபடியே வீடு திரும்புகிறாள். நான் அக்குளைத் தளர்த்திக் கொடுத்ததால் பிடிப்புப் போனதே தவிர, புழுக்கம் போகவில்லை. உடுப்பை எடுத்துக்கொண்டு அவள் கடைக்குத் திரும்பிப் போனபோது, பாவித்ததை மாற்ற முடியாது என்றும், கொழும்பிலிருந்து வருவதை அப்படியே விற்பதால் என்ன துணி என்று தங்களுக்குத் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். விற்கும்போது சுத்தக் கொட்டன் என்று தெரிந்திருந்த துணி, திருப்பிக் கொண்டுவந்தபோது எப்படித் தெரியாமற் போனது என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. அவளுக்காக நான் கேட்கிறேன்.

ஐயாமாரே, அம்மாமாரே, நான் வேண்டுவது ஒன்றே ஒன்று. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பெண்கள் உடுப்பிலும் அது எந்தத் துணி என்பதைத் தமிழில், உண்மையாக, எழுதித் தாருங்கள். பருத்தி என்றால் பருத்தி, பொலியெஸ்டர் என்றால் பொலியெஸ்டர், கலப்பு என்றால் எதில் எத்தனை வீதம் என்று எழுதுங்கள்.

இது சிறிய விடயமாக உங்களுக்குத் தோன்றக்கூடும். பருத்தி இழை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தைத் தனக்குள் ஏற்று வைத்திருக்கும்; பொலியெஸ்டர் அரை வீதமும் ஏற்பதில்லை. வியர்வையைத் துணி உறிஞ்சாவிட்டால் அது தோலிலேயே தேங்கி நிற்கிறது, வேர்க்குருவும் அரிப்பும் அங்கேயே தொடங்குகின்றன. வாங்கும் பெண் இதைத் தானே சோதித்து அறியட்டும் என்று விட்டுவிடவும் இயலாது. கடைக்குள் நெருப்புப்பெட்டியோடு யாரும் போக முடியாது. வீட்டில் கொளுத்திப் பார்த்தாலும், மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயன் நூல் பருத்தியைப் போலவே எரியும். இப்போது வரும் பொலியெஸ்டர் துணிகள் சில, கைக்கு மெதுவாகவும் மங்கலாகவும் நெய்யப்பட்டிருப்பதால், இவ்வளவு காலம் துணியோடு பழகிய நானே தடவிப் பார்த்து ஏமாந்துவிடக்கூடும்.

நீங்கள் விற்கும் இந்தப் பாணியின் பிறப்பையும் சற்று எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உருவான உடை இது. அவர்களே தங்கள் கோடைக்கு இதை அணிந்தபோது தடித்த செயற்கைத் துணியை நாடவில்லை. அவர்களுடைய கோடைத் துணிகளில் பெயர்பெற்றது மதராஸ் கட்டம். நமக்கு எதிர்க்கரையில், சென்னையைச் சூழ்ந்த ஊர்களில், கைத்தறியில் நெய்த மெல்லிய பருத்தி அது. இன்னொன்று சியர்சக்கர். நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களில் ஒரு பகுதியை இறுக்கியும் ஒரு பகுதியைத் தளர்த்தியும் நெய்வதால் இடையிடையே சுருங்கி எழுந்து, உடம்போடு ஒட்டாமல் காற்றுக்கு இடம் விடும் பருத்தித் துணி. 1950களின் இறுதியில் புளோரிடாவில் பழரசக் கடை நடத்திய லில்லி புலிட்சர், பழச்சாறு பட்ட கறை தெரியாமல் இருக்கப் பளிச்சிடும் பூப்போட்ட பருத்தியில் கையில்லாச் சட்டை தைப்பித்து உடுத்தப்போய், அதுவே அந்தப் பாணியின் பெண்களுக்கான கோடை உடையாகப் புகழ் பெற்றது. புளோரிடாவின் வெக்கையும் நம்முடைய வெக்கைக்குக் கிட்டத்தான் வரும். அந்த உடையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உயிராக இருந்த துணியை விட்டுவிட்டு, இங்கே கொண்டுவந்து கோடை உடை என்று விற்கிறீர்கள். குளிர்நாட்டின் இலையுதிர் காலத்துக்கு உரிய பின்னல் வெஸ்ட்டும் கார்டிகனும் சித்திரை மாத யாழ்ப்பாணத்தில் ‘சமர்’ என்ற பதாகையின் கீழ் எப்படி வந்தன என்பதும் எனக்கு விளங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் விற்பனை குறையும் என்று அஞ்சுகிறீர்களா? அதே மதராஸ் துணி அமெரிக்காவுக்குப் போன காலத்தில் அதன் சாயம் தோய்க்கும்போது கசிந்தது. முதலில் அதைச் சொல்லாமல் விற்றார்கள். வாங்கியவர்கள் கோபத்தோடு திரும்பி வந்தார்கள். பின்னர் சாயம் கசியும் என்பதையே வெளிப்படையாக விளம்பரம் செய்து விற்றபோது, அதுவே அந்தத் துணியின் சிறப்பாகி, தேடி வாங்கும் பொருளாயிற்று.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரல் மாத முற்பாதியில் சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கையின் நேர் உச்சியில் நகர்ந்து, புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே வருகிறது. சோளகக் காற்று உரத்து வீசத் தொடங்கும் வரையில், சித்திரையும் வைகாசியின் முற்பகுதியும் எங்களுக்குக் கடும் வெக்கையான நாட்கள். மாரிமழையோ ஐப்பசியிலிருந்துதான். இந்த மண்ணில் பிறந்து வணிகம் செய்யும் உங்களுக்கு நான் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கடைச் சரக்கு வேறொரு நாட்டின் நாட்காட்டியைப் பார்த்தே வருகிறது. மெல்லிய பருத்தி உடுப்புகள் பங்குனிக்குள் கடைக்கு வந்தால்தான் எங்களுக்குப் பயன்படும்.

இன்னொரு விடயம் என்னை உறுத்துகிறது. கிளிநொச்சியில் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் எங்கள் வடமாகாணப் பெண்பிள்ளைகள் வெளிநாட்டுக்கு உடுப்புத் தைக்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போகும் உடுப்பில் எந்த இழை எத்தனை வீதம் என்று எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அங்கே 1958 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2011 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்று அதையே கட்டாயப்படுத்துகிறது. அந்த விபரச் சீட்டைத் தன் கையாலேயே உடுப்பில் வைத்துத் தைக்கும் பிள்ளை, விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்து தனக்கொரு பிளவுஸ் வாங்கும்போது, கழுத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். அளவு மட்டும் இருக்கிறது, அல்லது அவளால் வாசிக்க முடியாத எழுத்தில் ஏதோ இருக்கிறது. வெளிநாட்டுப் பெண்ணின் தோலுக்கு உள்ள மதிப்பு அவளுடைய தோலுக்கு இல்லையா?

இதையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் கடைகளில் ஆண்களின் பக்கத்துக்குப் போனால் பருத்திச் சாரம் இருக்கிறது, பருத்தி வேட்டி இருக்கிறது, பருத்திச் சேர்ட் இருக்கிறது. வெயிலில் ஆண்கள் சேர்ட்டின் மேற்பொத்தானைக் கழற்றிவிட்டு இருக்கலாம், வீட்டில் வெறும் மேலோடும் இருக்கலாம். கழுத்து மூட வேண்டும், முழங்கால் மறைய வேண்டும், உள்ளே லைனிங் வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது பெண்களிடம். அதிகமாக மூடிக்கொள்ள வேண்டியவர்களுக்கே காற்றுப் புகாத துணியைக் கொடுக்கிறோம். உடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்ல அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், வீடு என்று எல்லா இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த உடுப்புக்குள் அவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியாதது அல்ல. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் துணி விலை எப்படி ஏறியது என்பதை நூற்கட்டை வாங்கும் நானும் அனுபவித்தேன். கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரி கட்டித் தருவதை நீங்கள் கொண்டு வருகிறீர்கள். அதில் விபரம் இல்லாவிட்டால் உங்களுக்கும் சிரமம்தான். பொலியெஸ்டரை விற்கவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அது கசங்காது, விரைவில் காயும், மலிவு. மாரிக்காலத்தில் உடுப்புக் காயாமல் தவிக்கும் வீடுகளுக்கு அது உதவும். கலப்புத் துணியும் பலருக்குப் போதுமானது. எதைத் தெரிவு செய்வது என்பது காசு கொடுப்பவரின் உரிமை. ஆனால் தெரிவு செய்வதற்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பொய்யாகச் சொல்லி விற்பதை 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டமும் ஏற்றுக்கொள்வதில்லை. சட்டத்தைக் காட்டி உங்களை அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. நமக்குள் பேசித் தீர்க்கக்கூடிய ஒன்றுக்காக அதிகாரிகளை நாட வேண்டிய நிலை வரக்கூடாது என்றே விரும்புகிறேன்.

ஆகவே மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன்: துணி எதுவென்று எழுதித் தாருங்கள். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். விலைச்சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வரி எழுதினால் போதும். துணி எதுவென்று உண்மையிலேயே தெரியாவிட்டால், ‘துணி விபரம் தெரியாது’ என்று எழுதுங்கள். அதுவும் நேர்மையான பதில்தான். விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகளிடம், தெரியாததைக் கொட்டன் என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பிரித்துப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஓர் உடுப்பை அனுப்புங்கள். என்னால் இயன்றவரை பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வாங்கமாட்டேன்.

நல்லூர்த் திருவிழாவுக்குச் சரக்கு எடுக்க உங்களில் பலர் விரைவில் கொழும்புக்குப் போவீர்கள். அங்கே மொத்த வியாபாரியிடம் விலை பேசுவதற்கு முன்பு, இது என்ன துணி, எத்தனை வீதம் என்று கேட்டு, அவருடைய பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வரும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் கடைகளின் உடுப்புகளைத் திருத்திக் கொடுக்கும்
கொக்குவில் தையற்காரி